பத்தடி நிசப்தம்

இன்று காலை தங்கை பாப்பா கட்டிலுக்கடியிலிருந்து பால்மா டின்னை இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். இருபது தேயிலைக் கொட்டைகளும் சிமெந்துத் தரையில் உருண்டன. ஒவ்வொன்றிலும் நீ நகப்பூச்சால் எழுதிய எண். சிவப்பு இன்னும் மங்கவில்லை. ஏழாம் எண் மட்டும் அடுப்புச் சாம்பலுக்குள் போய்விட்டது. தேடியெடுத்துத் துடைத்தேன். அதன் பிறகு கை வேலையில் நிற்கவில்லை.

இருபது பக்கம் கொண்ட பகடை வேண்டுமென்று உன் விளையாட்டுப் புத்தகம் சொன்னது. நமக்கு அது எங்கே கிடைக்கும்? "கண்ண மூடிக்கிட்டு ஒரு கொட்டைய எடு. அதுதான் பகடை" என்றாய். பட்டிப்பொலையில் ஒரு விடுதியில் வேலை செய்த உன் அண்ணன், வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போனதென்று கொண்டுவந்த இங்கிலீஷ் புத்தகம் அது. மந்திரக்காரர்களும் பேய்களும் வரும் விளையாட்டு; பேசிப் பேசியே ஆட வேண்டும். எந்த மந்திரம் எதைத் தடுக்கும், எது எதற்குள் பலிக்கும் என்பதற்கே பாதிப் புத்தகம் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நீ அகராதியோடு லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு வருவாய். அம்மா குவைத்துக்குப் போனபோது நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பாப்பாவைப் பார்த்துக்கொண்டு லயத்துக்குள்ளேயே இருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. உன் விளையாட்டில் மட்டும் நான் மந்திரக்காரி.

கடைசி ஆட்டத்தில் பாடியே ஆளை மயக்கும் ஒரு பேய் வந்தது. அது ஊருக்குள் போகாதபடி நீ அதையும் நம்மையும் சேர்த்துச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு மந்திரம் போட்டாய். அது பாடாதபடி நான் நிசப்த மந்திரம் போட்டேன். பேயின் குரல் அடைத்தது. நம் குரலும் அடைத்தது. பேய் உன்னைக் கடித்தது. காயம் ஆற்றும் மந்திரம் என்னிடம் இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தான் அது பலிக்கும்.

"நிசப்தத்த விட்டுடுடி. விடுறதுக்கு வாய் வேணாம், நெனச்சா போதும்."

"விட்டா அது பாடுமே?"

"நான் சாகக் கெடக்குறேன், இவ பாட்டுக்குப் பயப்படுறா!"

"கொஞ்சம் பொறு, யோசிக்கிறேன்."

"நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்கம்மா குவைத்துலருந்து வந்துருவாங்க."

சிரித்த சத்தத்தில் பாப்பா எழுந்து அழுதாள். நீ வாசலில் நின்று, "பாப்பாவ பிள்ளைக் காம்பராவுல விடலாமான்னு அப்பாகிட்ட கேட்டியா?" என்றாய். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே விட்டால் நான் திரும்பப் படிக்கலாம் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாய். இல்லையென்று தலையாட்டினேன்.

"ஆட்டம், அப்பா, ரெண்டுக்கும் நாளைக்குப் பதில் சொல்லணும்."

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. கொழுந்து பறிக்கும் உன் அம்மாவுக்குச் சோறு கொண்டு மலைக்கு ஏறினாய். குளவிக்கூடு கலைந்து உன்னைக் கொட்டியது. லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது உன் அம்மா என் கையைப் பிடித்து, "அவ கூட்டாளி நீ, ஏதாச்சும் பேசு புள்ள" என்று அழுதார். எனக்கு வாய் வரவில்லை.

கொட்டைகளைப் பொறுக்கிவிட்டு இன்று புத்தகத்தைத் திறந்தேன். நிசப்த மந்திரத்துக்கு ஒரு வட்டப் படம், அதில் ஒரு கோடு, பத்தடி என்று. நம் காம்பராவும் பத்தடி. "இந்தா, நம்ம காம்பரா அளவுதான்" என்று அன்று சொன்னாய், நானும் ஆமென்றேன். கூண்டின் படத்தைப் பார்க்காமலே அதையும் அதே வட்டமாகக் கரித்துண்டால் தரையில் வரைந்துவிட்டோம். கோடு வட்டத்தின் நடுவிலிருந்து தொடங்குவதை இன்றுதான் பார்த்தேன். கூண்டின் கோடும் நடுவிலிருந்துதான், இருபதடி. அப்படியானால் நிசப்தம் இரண்டு காம்பரா அகலம். கூண்டு நான்கு காம்பரா.

கூண்டுக்குள்ளேயே குரல் எழும் இடம் இருந்திருக்கிறது. மந்திரத்தை விடவே தேவையில்லை. உன்னை இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்திருந்தால் போதும். பேய் பின்னாலேயே வந்து பாடியிருக்கலாம். அதற்குள் ஒரு சொல்லாவது சொல்லியிருப்பேன். பத்தடிக்கு மேல் ஓர் இடத்தை நாம் இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அப்பா வேலை விட்டு வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். காம்பராவுக்குள் அவரிடம் எனக்கு ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்து போனேன்.

"அப்பா, பாப்பாவ பிள்ளைக் காம்பராவுல விட்டா என்ன? நான் படிக்கணும்."

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். "அம்மா ஞாயித்துக்கெழம போன்ல கோல் எடுப்பா. கேட்டுப் பாப்போம் புள்ள."

அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ என்பார். கூண்டு அப்படியேதான் இருக்கிறது.

ஆனாலும் நீ கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். ஒன்றை அப்பாவிடம், மற்றதை இந்த மடலில். டின்னில் இப்போது பத்தொன்பது கொட்டைகள்தான். சாம்பல் வாசம் போகாத ஏழாம் எண் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனை அப்பாவிடமிருந்து நான் வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு குழாயடிக்கு நடக்க வேண்டும்.