சீலின் மேல் ஏறி வந்த பிள்ளை

ஷாவோஷிங்,
மூன்றாம் மாதம், பதினொன்றாம் நாள்.

அன்புள்ள ஷூவென் அக்காவுக்கு,

தங்கை பெய்லான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். கை வரவில்லை. ஷாங்காயில் அத்தான் பக்கத்தில் இருந்தால் இதை அப்புறம் படி.

போன வாரம் அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள். நீ வரவில்லை என்று கோபமாக இருந்தேன், வராமல் பிழைத்தாய். அவருக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று பீச் பழமும் நாரையும் செதுக்கிய வெள்ளித் தகடு செய்யச் சொல்லியிருந்தேன். மா என்கிற தட்டாரிடம் நம் குடும்பப் பெயரைச் சொன்னதும் சிவப்புத் துணிப் பொட்டலத்தைக் கொடுத்தார். சபையில்தானே பிரிக்க வேண்டும் என்று அப்படியே கொண்டுவந்துவிட்டேன். என் தலையெழுத்து!

எல்லோர் முன்னாலும் பிரித்தேன். நாரையும் இல்லை, பீச்சும் இல்லை. சங்கிலியோடு ஒரு வெள்ளிப் பூட்டு. அதில் வீட்டுக்குப் பிள்ளை கொண்டுவருகிற சீலின் என்ற தெய்வ மிருகத்தின் முதுகில் உட்கார்ந்து, தாமரையைப் பிடித்தபடி வருகிற பிள்ளை. பிறக்கப்போகிற குழந்தையின் கழுத்தில் போடுகிற பூட்டு அக்கா!

"அடி கள்ளி! இதச் சொல்லத்தான் இத்தன சுத்தா?" என்று சித்தி கத்தினாள். என் மாமியாரை உனக்குத் தெரியும். நான்கு வருடமாக வயிறு திறக்கவில்லை என்று என்னைக் கரித்துக்கொட்டி, மகனுக்கு இன்னொருத்தியைத் தேடிக்கொண்டிருந்தவர். "ஏம்மா, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? எந்திரிக்காத, உக்காரு!" என்று தன் கிண்ணத்து முட்டையை எடுத்து எனக்கு ஊட்டினார்.

என்னுடையது இல்லை என்று சொல்லத்தான் அப்பாவைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. சமையலுக்கு ஒத்தாசையாக வந்திருந்த தாவ், அதுதான் டோஃபு கடை விதவை, நூடுல்ஸ் பாத்திரத்தைக் கீழே போட்டாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. நம் அப்பா, அக்கா! அறுபது வயதில்! கண்றாவி! தட்டார் பொட்டலத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இது அப்பா ரகசியமாகச் சொல்லிவைத்தது.

நான் உண்மையைச் சொல்லாமல் முட்டையை விழுங்கினேன். அப்பாவைக் காப்பாற்றவா, என்னையா, இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் தாவ் கொல்லைப்பக்கமாக வந்தாள். "புருஷன் வீட்டாளுங்களுக்குத் தெரிஞ்சா என்னை உசிரோட விடமாட்டாங்க. ஒனக்குப் புள்ள வேணும். எனக்கு இது உசிரோட இருந்தாப் போதும். பாலு மட்டும் நான் குடுக்கறேன், மத்தபடி நீதான் ஆத்தா" என்றாள்.

"அடியே, அது என் தம்பி! தம்பியப் பெத்தேன்னு ஊர்ல சொல்லவா?" என்று சீறினேன். பிறகு இரண்டு பேருமே அழுதோம். கடைசியில் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

என் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கேட்டதும் எழுந்து வெளியே போனார். தச்சரிடம் தொட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அக்கா, உன் காலில் விழுகிறேன். ஷாங்காய் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதுதான் நல்லது, உடனே அனுப்பிவையுங்கள் என்று என் மாமியாருக்கு ஒரு கடிதம் போடு. துணைக்கு ஒரு வேலைக்காரியும் வரட்டும் என்று மறக்காமல் எழுது; தாவ்தான் அந்த வேலைக்காரியாக வருவாள். அப்பாவைத் திட்டாதே; அவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

உன்னை அக்கா என்று கூப்பிட வேண்டிய பிள்ளை பெரியம்மா என்று கூப்பிடும். கூப்பிட்டால் திரும்பிப் பார், அது போதும்.

உன் தங்கை,
பெய்லான்