கோழிக்கூண்டுக்குத் தரை போட்டாயிற்று

சைனிக்புரி, செகந்திராபாத்
18-7-1978

அன்பு மகள் பியூலாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற தங்கமும் சுகமாக இருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்துக்கொள். பிரசவத்தை அங்கேயே கம்பெனி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய், அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் கோழிக் கதையைக் கேள், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

உன் பிள்ளைப்பேற்றுக்கென்று நான் நாட்டுக்கோழி வளர்க்கிறேன் அல்லவா, அதில் ஞாயிறுதோறும் ஒன்று குறைந்துகொண்டே வந்தது. மற்ற நாளில் கண்ணெதிரே மேய்கிறது, ராத்திரி பின்வராந்தாவில் கூடையைக் கவிழ்த்துவிடுவேன், ஒன்றும் ஆவதில்லை. கோயில் ஆராதனைக்குப் போகும்போது மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா செய்த கூண்டில் அடைத்துவிட்டுப் போவோம். ஆபீசில் போடுகிற மாதிரி டிராயிங் போட்டுச் செய்த கூண்டு, பருந்துக்குப் பயந்து மேலே கம்பிவலை, பூனைக்குப் பயந்து நாலு பக்கமும் கம்பிவலை, திருடனுக்குப் பயந்து பெரிய பூட்டு. தரை மட்டும் வெறும் மண். திரும்பி வந்தால் பூட்டு அப்படியே இருக்கும், ஒரு மூலையில் மண் பறித்திருக்கும், உள்ளே இறகு கிடக்கும். இது பக்கத்து வீட்டு சுபேதார் துரைராஜின் நாய் சீசர் வேலைதான் என்று அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். கீழே தரை போடுங்களேன் என்றால், அவர் நாயைக் கட்டட்டும், நான் ஏன் தரை போடவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சுபேதாரோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை, காய்ச்சல் தலைவலி இல்லாமல் ஆராதனைக்கு மட்டம் போட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. கோழிகளை வழக்கம்போல அடைத்துவிட்டு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூண்டுக்குள் மண் அசைகிறது, ஒரு மூக்கு வருகிறது, நாயாவது பேயாவது, கீரியடி! கோழிகள் ஓட வழியில்லாமல் மூலையில் ஒண்டிக்கொண்டு கத்துகின்றன, நாமே பூட்டி வைத்து அதற்குப் பந்தி போட்டிருக்கிறோம். நான் போட்ட கூச்சலில் சுபேதார் பனியனோடு சுவர் ஏறிக் குதித்தார், அவருக்கு முன்னால் சீசர் குதித்தது. கீரி வந்த வழியே வெளியே பாய்ந்தது, சீசர் பின்பக்கத்துக் காலி மனை முழுக்கத் துரத்திக்கொண்டு போய் முள்ளுக்காட்டுக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வந்தது. ஒரு கோழிக்கும் ஒன்றும் இல்லை!

அப்பா வந்ததும் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது, கழுத்து டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கைக்கு சார் மாஃபி எல்லாம், நக்கோ என்று இந்த ஊர் உருதுவில் மன்னிப்பே வேண்டாமென்று தள்ளிவிட்டு, வாங்க முதல்ல தரையைப் போடுவோம் என்றாராம் அவர். வீடு கட்டி மிஞ்சிய ஷாபாத் தரைக்கல் அவரிடம் இருந்தது, இரண்டு பேருமாக அதைப் பரப்பி இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசிவிட்டார்கள். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று அதிலும் ஒரு சண்டை. சுபேதார் குடும்பத்துக்கு ஒரு கோழி அடித்துக் குழம்பு வைக்கட்டுமா என்று கேட்டேன், தொடாதே அது பியூலாவுக்கு என்று அப்பாவே மார்க்கெட்டுக்குப் போய்க் கறி வாங்கி வந்தார்.

உன் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் நீ இங்கே வரவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது, சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. வருவதானால் மாப்பிள்ளையிடம் சொல்லி ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்க்கச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் தலைமேல் எங்கள் கை எப்போதும் இருக்கிறது.

பதிலை மட்டும் தள்ளிப்போடாதே. அப்பா வாய் திறந்து கேட்கமாட்டார், ஆனால் தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசல் கேட்டருகே ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். நேற்று கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு ஊற்றினார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ஜெயசுந்தரி