‘ப’ முடிவதற்குள்

3 ஒக்டோபர் 1933, செவ்வாய்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும், அல்லாஹ்வுக்காக, மூடி வைத்துவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் வாசியுங்கள். ஆனால் ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் உம்மாவிடம்.

நேற்றுக் காலை எனக்கு வந்துவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

என் வகுப்பு றிஸானாவுக்கு வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தேன். தண்ணி வார்த்தார்கள், இனிப்புக்கு வட்டிலப்பம் செய்து வீடு வீடாக அனுப்பினார்கள், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் பக்கத்தில் அவள் இருந்த இடத்தில் இப்போது என் பைதான் இருக்கிறது.

விளக்கைத் திரியளவுக்குத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தள்ளிக்கொண்டு வருவார்கள். காதை அங்கேயே வைத்து எழுதுகிறேன்.

4 ஒக்டோபர்

பள்ளிக்கூடம் போனால் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. அகராதி போய்விட்டால்?

எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் வாப்பாவின் அச்சுக்கூடம். கலியாணக் கடிதமும் கடைச் சிட்டையும் அடிக்கிற இடத்தில் இந்த வருடம் ஒரு தமிழ் அகராதி அடிக்கிறார்கள். எழுதுகிறவர் தியாகராஜா, முனிசிபல் கந்தோரில் கிளாக்கர். வேலை விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவார். திரைக்குப் பின்னால் இருந்து நான் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பேன். வாப்பா அச்சான தாளில் விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார். என் மூத்த சகோதரன், நானா, கொழும்புக்குப் போனதிலிருந்து இது என் வேலை.

இப்போது ‘ப’ நடக்கிறது. காகிதம் போதாது என்று இன்றும் சண்டை.

“ரெண்டு சொல்லு சேந்து வந்தா ஒடனே தனி எடமா? இது அகராதியா, சத்திரமா தம்பி?” என்றார் வாப்பா.

“பிரிச்சுப் பாருங்க மொதலாளி. பிரிச்ச பொறகும் அர்த்தம் நிக்குதா, வெளிய போகட்டும். பிரிச்சா செத்துப்போகுதா, எடம் குடுத்துத்தான் ஆகணும்.”

பச்சைச் சேலை வெளியே போனது. சேலையும் பச்சை, சொல்லும் பச்சை. ஆனால் பச்சைத் தண்ணீர்? எந்தத் தண்ணீர் பச்சையாக இருக்கிறது? காய்ச்சாத தண்ணீர் அது. அதற்கு இடம் கிடைத்தது. பச்சைப் பிள்ளைக்கும் கிடைத்தது. பச்சைப் பொய்க்கும்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினம் பேசுகிற சொற்கள்தானே? இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் மூன்றாவது ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் அதை உள்ளே விட்டது? எந்த ஊரில், எந்த நாளில்? ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

“வாய் பாக்காம வெங்காயத்த உரி புள்ள” என்று உம்மா ராத்திரி ஏசினார். நான் யாருடைய வாயைப் பார்த்தேன்? சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு ஏச்சும் வாங்கினேன்.

5 ஒக்டோபர்

தொழக்கூடாத நாளில் தொழுகைப் பாயில், முஸல்லாவில், நின்றேன். நிற்காவிட்டால் உம்மா கண்டுபிடித்துவிடுவார். வெறுமனே குனிந்து நிமிர்ந்தேன், ஒன்றும் ஓதவில்லை. யா அல்லாஹ், அது தொழுகை இல்லை, பயம். கணக்கில் அப்படியே எழுதிக்கொள்.

8 ஒக்டோபர்

நின்றுவிட்டது. ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு மேலே ஹந்தானை மலை முழுக்க மூடி மழை. அடுத்த மாதம் என்ன செய்வேன்?

12 ஒக்டோபர், வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

இன்று ‘பெ’. பிரதியில் அடுத்த வரி கண்ணில் பட்டதும் என் குரல் நின்றுவிட்டது.

“என்ன மகள்?” என்றார் வாப்பா.

வாசித்தேன். “பெரிய பிள்ளை. மூத்த பிள்ளை. வயதில் பெரிய குழந்தை.”

வாப்பா இருமினார்.

தியாகராஜா, “இத எடுத்துரலாம் மொதலாளி” என்றார். “பெரிய தனியா இருக்கு, பிள்ளை தனியா இருக்கு. சின்னப் பிள்ளைன்னும் சொல்றோம். பிரிச்சாலும் நிக்குது. எடம் மிச்சம்.”

வாப்பா இன்னும் பலமாக இருமினார். அவருக்குத் தெரியும். என் அக்கா, சகீனா ராத்தா, பெரிய பிள்ளையானபோது இதே வீட்டில்தானே சொன்னார்கள். ஆனால் இன்னொரு ஆண்பிள்ளைக்கு முன்னால், மகள் திரைக்குப் பின்னால் இருக்க, எப்படிச் சொல்வார்? தியாகராஜாவுக்கோ தெரியவே தெரியாது. அவர் வீட்டுப் பக்கம் ‘சமைஞ்சிட்டா’ என்பார்கள். என் வகுப்பு இரத்தினம்மா அப்படித்தான் சொல்வாள்.

பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. கோடு போட்டு அடிக்கப்போகிறார். அடித்துவிட்டால் எனக்கு நடந்தது எதற்குக் கீழே வரும்? மூத்த குழந்தைக்குக் கீழேயா?

“அது பிரிச்சா நிக்காது.”

என் குரல்தான். பிரதியில் இல்லாத ஒன்றை நான் அங்கே பேசியதே இல்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்த ஏலவில்லை.

“சின்னப் புள்ள கொஞ்சம் கொஞ்சமா வளரும். பெரிய புள்ள அப்படி இல்ல. அது ஒரு நாள்ல ஆகுறது. ஆன பொறகு திரும்பிச் சின்னப் புள்ளயாக ஏலா.”

பென்சில் உரசுவது நின்றது. கூரையில் மழை மட்டும்.

“அடடா” என்றார் தியாகராஜா, மெல்ல. “மன்னிச்சுக்குங்க மொதலாளி. எங்க பக்கம் வேற சொல்லு.”

“தனியாப் போடுங்க தம்பி” என்றார் வாப்பா. பிறகு, திரைப் பக்கம்: “மகள், உள்ளுக்குப் போங்க.”

போங்க. பிறந்ததிலிருந்து என்னைப் ‘போ’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.

வாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

13 ஒக்டோபர்

உம்மா அடிக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுதார். “தனியா எப்படி புள்ள பொறுத்துக்கிட்டு ஈந்தாய்?” பிறகு என் பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

24 ஒக்டோபர், செவ்வாய்

தண்ணி வார்த்தார்கள். வட்டிலப்பம் தெரு முழுக்கப் போனது. றிஸானா வீட்டுக்கும் போயிருக்கும். என்ன நினைத்திருப்பாளோ. வகுப்பில் இப்போது இரண்டு இடம் காலி.

பின்னறையில் இருக்கிறேன். முன்னால் வாப்பா தனியாக வாசித்துத் தனியாக ஒத்துப் பார்க்கிறார். தப்புத் தப்பாகப் போகிறது, இங்கிருந்தே கேட்கிறது. கத்தவேண்டும் போல இருக்கிறது.

இஷாத் தொழுகைக்குப் பிறகு நடையில் உம்மாவின் குரல், வாப்பாவிடம்.

“கொமர்ப் புள்ளய ஆம்புளையாளுக்கு முன்னுக்கு வெச்சி வாசிக்கச் செல்றீங்களா?”

“முன்னுக்கு இல்ல. கதவுக்குப் பின்னுக்கு.”

“ஊரு என்ன செல்லும்?”

“ஊரு செல்றது எல்லாத்தையும்தான் அச்சடிச்சிட்டு ஈக்கிறேன்.”

உம்மா அடுப்படிக்குப் போகிற காலடி கேட்டது. கதவுக்குக் கீழால் ஒரு தாள் உள்ளே வந்தது. மை இன்னும் காயவில்லை. விளக்கருகே பிடித்தேன். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கீழே, தடித்த எழுத்தில், தனியாக:

பெரிய பிள்ளை — பருவமடைந்த பெண். ஒரு நாளில் ஆவது.

என் வாயில் இருந்து போனது ஈயமாகி, எழுத்தாகி, திரும்பி என்னிடமே வந்திருக்கிறது. தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டது. இனி யாழ்ப்பாணத்தில் ஒருவர், பன்வில தோட்டத்தில் ஒருவர், நான் பார்க்கவே போகாத எவரோ ஒருவர் இந்த வரியில் விரல் வைப்பார். கழுவ மனம் வரவில்லை. இந்தப் பக்கத்திலும் கறை

கதவு தட்டுகிறது.

தள்ளவில்லை. தட்டுகிறது.

“மகள், ‘ம’ வந்திட்டுது. முழிச்சா ஈக்கிறீங்க—”