தே-ஓ தீர்த்தம்

மச்சான்,

இன்று அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் மகள் வாங்கித் தந்த விஆர் கண்ணாடி, மாட்டிக்கொண்டால் வேறு ஊரிலேயே நிற்பதுபோல் காட்டுமே அது, கையில் பட்டது. நீ நெற்றியில் அப்பிக்கொள்ளும் தைலத்தின் வாசனை அதன் பட்டையில் இன்னும் போகவில்லை. துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் தீவின் ஜார்ஜ் டவுனில் முப்பது வருடம் கடிதம் கொடுத்தவன் நீ. உனக்குத் தெரியாத மாடிப்படி இல்லை. சர்க்கரை வியாதி வலது காலைக் கொண்டுபோனதும், பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலில் உன் அண்ணன் வீட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். மாதா கோயில் ஞாயிறு பூசைக்குக்கூட வர மறுத்தாய். கோயிலில் எல்லாரும் உன் காலைத்தான் பார்ப்பார்களாம். பங்குச் சாமியார் வந்து பேசினார், அண்ணி அழுதார், நீ மசியவில்லை. உயிரோடு இருக்கும்போதே உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அதனால்தான் அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி வந்தேன். முதலில் ஒரு ஸ்காட்லாந்துக் கோட்டை. சின்னப் பிள்ளைகள் சாமான் என்று முகம் சுளித்தவன், சுழற்படி ஏறி உச்சிக்குப் போனதும் கழுத்தை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தாய். அடுத்த சனிக்கிழமை நான் தாமதமாக வந்ததற்குத் திட்டுதான் கிடைத்தது.

பிறகு ஒருநாள் பிரான்சில் ஒரு பழைய தேவாலயம். வாசலில் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் தீர்த்தத் தொட்டிக்குக் கையை நீட்டினாய். மேசையில் ஆறிக்கிடந்த, பால் விடாத என் தே-ஓ தேநீர்க் கோப்பைக்குள் போனது விரல். அதைக்கொண்டே பயபக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டாய். நான் சிரித்த சிரிப்பில் அண்ணி ஓடிவந்தார். நீ கண்ணாடியைக் கழற்றி, மூக்கில் வழிந்ததைத் துடைத்தாய். சிரிக்கவில்லை.

"கை மறக்கலடா," என்றாய். கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நாளைக்குப் பூசைக்கு என்னைத் தள்ளிட்டுப் போறியா?"

அதை என்னிடம் கேட்டாயே, அதற்கு நன்றி மச்சான். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் போனோம். காலைப் பார்க்கத்தான் செய்தார்கள். "எண்ணியாச்சா? ஒண்ணுதான்லா," என்று நீயே அவர்களைச் சிரிக்க வைத்தாய்.

சக்கர நாற்காலியிலிருந்து தீர்த்தத் தொட்டி உனக்கு எட்டாது. நான் விரலை நனைத்துக் கீழே நீட்டுவேன், நீ தொட்டுக்கொள்வாய். இப்போதும் விரலை நனைத்ததும் கை தானாகக் கீழே இறங்கி, உன் விரல் படும் உயரத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்புறம்தான் எனக்குச் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.