ஆறு சென்டிமீட்டர் ஆக்கிரமிப்பு

மார்ச் 4, செவ்வாய்
முக்கால் அடி நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்றார்கள். வெயிலில் நாடா பிடித்து அளந்தேன். முப்பது வருஷ நில அளவையர் வேலையில் யாருக்கும் ஒரு விரற்கடை விட்டுக்கொடுத்தவனில்லை நான். அளந்து முடித்ததும் மரத்துக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொறிந்துகொண்டேன். இரண்டு வருஷமாக ஒரே இடம். எந்த இடம் என்று டைரியில் எழுதக்கூடக் கூச்சம். விதைப்பை. எழுதிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை.

மார்ச் 7, வெள்ளி
"படர்தாமரைதான் சார்" என்று மருந்துக்கடைக்காரர் பதினோராவது களிம்பைக் கொடுத்தார். நான் சொறிவது வீட்டில் தெரியக்கூடாதென்று, குறட்டையைச் சாக்காகச் சொல்லி முன்னறையில் படுக்கிறேன். மனைவி ஏன் என்று கேட்பதில்லை.

மார்ச் 18, செவ்வாய்
களிம்பு கைவிட்டது. கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். என் மகள் வயதிருக்கும். விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், நான் கூரையில் மின்விசிறி இறக்கைகளை எண்ணினேன். மூன்று. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 27, வியாழன்
தோல் புற்றாம். அந்த இடத்தில் ஆண்களுக்கு வருவது ரொம்ப அபூர்வமாம். அபூர்வம் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை.
அறுவை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். சிவப்புத் திட்டு ஆறு சென்டிமீட்டர், சுற்றிலும் இன்னும் இரண்டு எடுக்க வேண்டும். அரை போதாதா என்று பேரம் பேசினேன்.
"கண்ணுக்குத் தெரியற கோட்டோட அது நிக்காது சார்."
வேலி இருக்கிற இடம் எல்லையில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். இரண்டுக்கே சம்மதித்தேன். தோலைத்தான் எடுப்பார்கள், உள்ளே குடியிருக்கும் இருவரையும் காலி செய்ய மாட்டார்களாம். அப்போதுதான் மூச்சு வந்தது.

மார்ச் 30, ஞாயிறு
மனைவியிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று புளுகிவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்
புளுகு நான்கு நாள் தாங்கியது. ஒப்புதல் படிவத்தை நர்ஸ் மனைவி முன்னாலேயே வாசித்தார், ஒரு வார்த்தை விடாமல். இவள் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் போனபின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"குப்பையில களிம்பு ட்யூப், தனிப் படுக்கை... எவளோ ஒருத்தின்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா. இப்ப புற்றுநோய்னதும் ஒரு நிமிஷம் நிம்மதியாயிருந்துச்சு. அப்புறம்தான் பகீர்னுச்சு."
அட மடையா! இவள் இப்படி நினைப்பாள் என்பது உனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

ஏப்ரல் 4, வெள்ளி
ஊதா மையில் எல்லை போட்டு வெட்டினார்கள். முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கோடு நேராக இருக்கிறதா என்று கேட்டேன், பேசாமல் படுக்கச் சொன்னார்கள்.

ஏப்ரல் 9, புதன்
வெட்டியெடுத்த தோலின் விளிம்புகளைக் கடிகாரம் மாதிரி குறிப்பார்களாம். நாலு மணிப் பக்கம் புற்று இன்னும் இருக்கிறது. மறுபடி வெட்ட வேண்டும். இந்தமுறை பேரம் பேசவில்லை. எவ்வளவு வேணுமோ எடுங்க என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்
பயமா இருக்கு. வேற என்னத்த எழுத.

ஏப்ரல் 15, செவ்வாய்
மறுபடி வெட்டியதில் பன்னிரண்டு மணியும் சுத்தம்! இவள் ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்துவிட்டு, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நாளை தொடைத் தோலை எடுத்து ஒட்டுகிறார்கள். நிலப் பரிமாற்றம், இருதரப்பும் நானே.

மே 27, செவ்வாய்
வேலைக்குத் திரும்பினேன். அதே அண்ணன், அதே தம்பி, அதே முக்கால் அடி. விட்டுக்கொடுங்களேன் என்று என் வாயிலிருந்தா வந்தது? இருவரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள், என்மீது புகார் எழுத.

ஜூன் 1, ஞாயிறு
காலையில் பார்த்தால் முன்னறையில் என் தலையணையைக் காணோம். உள்ளறைக் கட்டிலில் இருந்தது. மத்தியானம் அங்கேயே படுத்தேன். இவள் தூக்கத்தில் கட்டிலின் பாதியைத் தாண்டி என் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டாள். நான் அளக்கவில்லை. தள்ளிப் படுத்து இடம் கொடுத்தேன்.