மிஷின் ஓடும்போது கேட்டது

2, திங்கள்

மகன் போன வருஷத்து டைரி ஒன்றைப் பழைய பேப்பர் கட்டோடு போட்டிருந்தான். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எடுத்துக்கொண்டேன். அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும், அதுவும் முழுசாக இல்லை. இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும். நான் எதைச் சொன்னாலும், "அம்மா, அவ அப்படிச் சொல்லவே இல்லம்மா" என்கிறான் மகன். இனிமேல் தேதியோடு காட்டுவேன்.

இன்றைக்கு நடந்தது. மருமகள் இரண்டு பக்கெட் வாங்கி வந்தாள். பச்சை மூடி போட்டது பேத்தியின் துணிக்கு. மூடி இல்லாதது எங்கள் துணிக்கு. பச்சை மூடியின் மேல் "பாப்பா மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். பாப்பாவுக்கு நாலு மாதம், படிக்கத் தெரியாது. மகன் கண்ணுக்குச் சுவரே தெரியாது, எழுத்தா தெரியப்போகிறது? அப்படியானால் யார் படிக்க ஒட்டினாள்?

3, செவ்வாய்

காலையில் கரண்டு போய்விட்டது. மிஷின் இல்லை, ஃபேன் இல்லை, வீடு அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் மருமகள் சொன்னாள், தெளிவாகச் சொன்னாள்:

"அத்தை, இது தரை துடைக்கிற சோப்பு. குழந்தைத் துணிக்கு ஆகாது."

என் சவுக்காரக் கட்டியைத்தான் சொல்கிறாள். மூன்று பிள்ளைகளை அந்தச் சோப்பில்தான் வளர்த்தேன். அதில் ஒன்றைத்தான் இவள் கட்டிக்கொண்டாள். தரையையா கட்டிக்கொண்டாள்?

இவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கத்தி, கத்திரி எல்லாம் கழுவி, ஆவியில் வேகவைத்து, உறை போட்டு அடுக்கவேண்டும். இப்போது பிள்ளைப்பேற்று லீவில் இருக்கிறாள். வேகவைக்கக் கத்தி இல்லாமல் கை பரபரக்கிறது போலிருக்கிறது, எங்களை வேகவைக்கிறாள்.

"குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி அத்தை" என்றாள். அதற்கும் சேர்த்துத்தான் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறதே.

5, வியாழன்

கையும் களவுமாகப் பிடித்தேன். காலையில் நான் துவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, மாடி வெயிலில் காயவைத்து, மடித்து வைத்த துணி. நாலு மணிக்குப் பார்த்தால் மிஷினுக்குள் கிடக்கிறது! கண்ணாடி வட்டத்துக்குள்ள என் மடிப்பெல்லாம் குலைஞ்சு சுத்துது. நானும் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். "சும்மா ஒரு தடவை அத்தை" என்கிறாள். சும்மாவாம்.

8, ஞாயிறு

பேத்தியின் கழுத்து மடிப்பிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ராத்திரி முழுக்கச் சிணுங்கல். அவள் என் சோப்பைப் பார்த்தாள். நான் அவள் மிஷினைப் பார்த்தேன். மகன் சுவரைப் பார்த்தான்.

பச்சை மூடியைத் திறந்தேன். உள்ளே பேத்தியின் சட்டைகளுக்கு நடுவே மகனின் சாக்ஸ் ஒன்று! ஒற்றைச் சாக்ஸ், குதிகாலில் ஓட்டை.

"கத்தியை வேகவைக்கிறவ வீட்ல இதுதான் சுத்தமா?" என்று கேட்டேன்.

"நான் போடல அத்தை, உங்க பிள்ளை போட்டது."

நல்லது செய்தால் இவள் புருஷன், சாக்ஸைப் போட்டால் என் பிள்ளை. சாக்ஸைச் சாட்சிக்கு ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

10, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

மிஷின் கடைசிச் சுற்றில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மருமகள் அதன் பக்கத்தில் நின்று அவள் அம்மாவோடு போனில் பேசுகிறாள். நான் க்ளிப் டப்பா எடுக்கப் போனேன். ஒட்டுக்கேட்கப் போகவில்லை, க்ளிப் எடுக்கத்தான் போனேன். அப்போது சொன்னாள்:

"சும்மா துவைச்சா அந்தக் கிழவி போகாதும்மா. அங்கயே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். நல்லாக் கொதிக்கிற தண்ணிய ஊத்தணும். நான் வேலைக்குப் போறதுக்குள்ள ஒரு வழி பண்ணணும்."

என்னைத் துவைப்பதாம். அது போதாதாம். கொதிக்கிற தண்ணியாம்!

"போகாது" என்கிறாள். "உக்காந்திருக்கும்" என்கிறாள். ஜென்ம விரோதிகூட "போகமாட்டா" என்றுதான் சொல்வாள். என்னை மாட்டைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாளே. இவ பிரசவத்துக்கு நாப்பது நாள் கண் முழிச்சவ நான். ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேனாம்.

சாப்பாடு வேண்டாம் என்று படுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் மகன் வந்து கேட்டான். அதற்குள் கோபம் முற்றிவிட்டது, சொல்லவில்லை.

11, புதன்

பச்சை மூடியைத் தொடவில்லை. பேத்தியைத் தூக்குமுன் ஏழு தடவை கை கழுவினேன், அவள் பார்க்கிற மாதிரி.

13, வெள்ளி

தடிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பூக்கடை மாதிரி ஒரு வாசம். குழந்தைத் துணியில் குழந்தை வாசம்தானே வரவேண்டும்? திரும்பினால் மருமகள் நிற்கிறாள். முகம் சுருங்கிவிட்டது.

என் மாமியார் என் முதல் பிள்ளையின் துணியை இப்படித்தான் எல்லோர் முன்னாலும் முகர்ந்து பார்த்தாள். ஒரு புதன்கிழமை, கத்திரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாள். அவள் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, நான் இன்னும் மன்னிக்கவில்லை. இன்றைக்கு நானா முகர்ந்தேன்? சரி, நானேதான்.

ஆனால் பிள்ளை உடம்பு என் ரோஷத்துக்குக் காத்திருக்குமா? ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அவள் துவைத்து வைத்ததை எல்லாம் எடுத்து என் சோப்பில் ஒரு தடவை கும்மிப் போட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது. தினமும் செய்யப்போகிறேன்.

16, திங்கள்

முதுகிலும் வந்துவிட்டது.

மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலையைச் சொறிந்தான். தலையைச் சொறிந்தால் காரியம் இருக்கிறது.

"ஒண்ணாம் தேதியிலிருந்து அவ வேலைக்குப் போகணும்மா. பாப்பாவைக் காப்பகத்துல விட்டுடலாமான்னு பாக்கறோம். உனக்கும் சிரமம்தானே?"

"எனக்கென்னடா சிரமம்? நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

வேண்டாம் என்று சொல்வான் என்று பார்த்தேன். "எப்போ?" என்று கேட்டான்!

பை கட்டினேன். என் புடவைக்குள் பேத்தியின் சட்டை ஒன்று மடித்திருந்தது. எடுத்து வெளியே வைத்தேன். மறுபடியும் உள்ளே வைத்தேன்.

17, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் எல்லோரும் போனோம். நானும் போனேன், சாக்ஸ் கவரோடு.

"துணி யாரு துவைக்கிறது?" என்று கேட்டார்.

"நான்" என்றாள் மருமகள். "நான்" என்றேன் நானும். இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து நாங்கள் ஒரே குரலில் சொன்ன முதல் வார்த்தை.

சாக்ஸை மேஜைமேல் வைத்தேன். "இது என்னம்மா?" என்றார். "சாட்சி" என்றேன். பேனாவால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

பையிலிருந்து பேத்தியின் துவைத்த சட்டை ஒன்றை வாங்கி, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தார். பிசையப் பிசைய நுரை. வெறும் தண்ணீரில் அவ்வளவு நுரை!

"எத்தனை தடவை துவைக்கிறீங்க?"

"ஒரு தடவைதான் டாக்டர்" என்றாள் மருமகள்.

பொய் சொல்ல வரவில்லை எனக்கு. "ரெண்டு" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. மகன். "மூணு. மிஷினிலிருந்து எடுத்ததும் நான் வாசனைத் தண்ணியில ஒரு முக்கு முக்குவேன். ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கீங்களே, துணியாவது மணக்கட்டுமேன்னு..."

பூக்கடை இவன்தானா!

அந்த அறை ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா, "இதுல கிழவியெல்லாம் இல்லம்மா" என்றார். இத்தனை பேர் எதிரில்! எனக்கு வந்ததே ஆத்திரம்.

"கிழவி இல்லாம? இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே! என் மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தி அனுப்பறதாத்தான் வீட்ல பேச்சு!"

"யாரு அத்தை? யாரு ஊத்தறது?" மருமகள் முகம் வெளுத்துப் போயிற்று.

பத்தாம் தேதியை அப்படியே ஒப்பித்தேன். டைரியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. துவைச்சா போகாது, ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், எல்லாம்.

 அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பேத்தி பயந்து அழுகிற வரைக்கும் சிரித்தாள். அப்புறம் பார்த்தால் அவளும் அழுகிறாள்.

"கிருமி அத்தை! கி-ரு-மி! பாப்பா துணியில இருக்கிற கிருமி போகாதுன்னு அம்மாகிட்ட சொன்னேன். உங்களைப் போய் நான் 'போகாது'ன்னு சொல்வேனா? ஒரு வாரமா எங்கூட ஏன் பேசலன்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருந்தேன். நான் துவைச்ச துணியை மோந்து பாத்தீங்க, அதுக்கு வேற அழுதேன்."

மோந்து பார்த்ததை இவளும் தேதியோடு வைத்திருப்பாள்.

டாக்டரம்மாவும் சொன்னது கிருமி இல்லை என்றுதானாம். தடிப்பு அழுக்கினால் வந்தது இல்லை, துணியில் தங்கின சோப்பினால் வந்ததாம். ஒரே ஒரு தடவை துவைக்கணும், சோப்பு கொஞ்சம், அலசல் நிறைய. எனக்குக் காதைச் சோதிக்கச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

என் ஞாபகத்தில் ஒரு எழுத்து பிசகவில்லை. பிசகு காதில். அது வேறு, இது வேறு.

22, ஞாயிறு

தடிப்பு வாடிவிட்டது. இப்போது கடைசித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கலக்கிப் பார்ப்போம். நுரை வரக்கூடாது. நான் ஒரு தடவை பார்ப்பேன், அவள் ஒரு தடவை பார்ப்பாள். மகன் பச்சை மூடிப் பக்கம் வரக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிவிட்டோம்.

சம்பந்தியம்மா போனில், "கிருமி சௌக்கியமா இருக்கா?" என்று கேட்டாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள் மருமகள். குறித்துக்கொண்டேன். தேதி 22.

1, புதன்

ஏழரைக்கு மருமகள் வேலைக்குப் போனாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து பேத்திக்கு முத்தம் கொடுத்தாள். மறுபடி போய்த் திரும்பி வந்தாள். "பஸ் போயிடும்டி, போ" என்றேன். அவளை 'டி' போட்டது இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே ஓடினாள்.

காப்பகத்தில் வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். பையிலிருந்த புடவைகள் அலமாரிக்குப் போய்விட்டன. காதில் மிஷின் மாட்டியிருக்கிறார்கள், காக்கை கத்துவதுகூடப் பெரிதாகக் கேட்கிறது.

பேத்தி தூங்கினதும் துவைக்கப் போனேன். பச்சை மூடியில் "பாப்பா மட்டும்" என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி ஒட்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "கிருமி வரக்கூடாது. கிழவி வரலாம்."

கொழுப்பைப் பாரு.

ஒரே தடவைதான் துவைத்தேன். நுரை இல்லை. வெயிலில் போட்டிருக்கிறேன்.

இந்த டைரியில் பத்தாம் தேதியை ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டேன்.

தரை துடைக்கிற சோப்பு என்று அவள் சொன்ன மூன்றாம் தேதியை அடிக்கவில்லை. அன்றைக்கு மிஷின் ஓடவில்லை.