கரையில் குவித்த மண்

மே 14, புதன்
காலையிலேயே வேகிறது. சாயங்காலம் இடிக்கலாம்.

மழைத்தண்ணீர் போகும் ராஜகால்வாயில் தூர்வாரல் எங்கள் தெரு முனைவரை முடிந்தது. என்ன முடிந்தது? எடுத்த சேறு முழுக்கக் கரையிலேயே. "காயணும் சார். ஈர மண்ணை லாரிக்காரன் ஏத்தமாட்டான்." என்றான் காண்டிராக்டரின் மேஸ்திரி மஞ்சு. வருஷா வருஷம் இதே கதை. காய்வதற்குள் மழை, மண் திரும்ப உள்ளே, தண்ணீர் தெருவில். அப்புறம் மாநகராட்சியில் பேரிடர் மீட்டிங், டீ, பிஸ்கட். பேரிடராம். மடத்தனம்.

சுகந்திக்குப் போன். பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு, கௌதள்ளி போனவள். குழந்தைக்கு மூன்று மாசம் முடிந்தது, எப்போது கூட்டி வரட்டும் என்றேன். மாமனார் போனை வாங்கிவிட்டார். "மாப்பள, போன மழைக்கு உங்க ஊட்டுக்குள்ள கட்டில் கால் வரைக்கும் தண்ணி நின்னுச்சுங்களே. பச்சப் புள்ளைய அங்க அனுப்பமாட்டனுங்க."

மாநகராட்சி ஆபீஸுக்குப் பக்கம் என்று நான் பிடித்த வீடு.

மே 15, வியாழன்
மஞ்சுவிடம் சொல்லிவிட்டேன். கரை காலியானால்தான் அளப்பேன், பில்லில் கையெழுத்துப் போடுவேன்.
"புது ரூல்ஸா சார்?"
"ஆமா. என் ரூல்ஸ்."
"வீட்டுக்காரம்மா ஊருக்குப் போனா இப்படித்தான் சார் சூடாகும்."
எல்லோரும் சிரிப்பு. எனக்கு வரவில்லை.
மஞ்சு என் மேலதிகாரி ஏ.இ.இ. வரை போய்ப் புகார். போகட்டும்.
வாங்க: பல்பு, சோப்பு, கொசுவலை (சின்னது).

மே 17, சனி
லாரி வந்தது! அடியில் தார்ப்பாய் விரித்து, சொட்டச் சொட்ட ஏற்றினார்கள். முடியாதாம், முடிந்தது.

வீடியோ கால். பாப்பா தன் கையையே முறைத்துக்கொண்டு. "இப்பத்தானுங்க கண்டுபுடிச்சிருக்கா, தனக்குக் கை இருக்குதுன்னு." பெயர் வைத்த அன்று தூக்கியது, அவ்வளவுதான். உன் முகத்தைக் காட்டு என்றேன் சுகந்தியிடம். "தலை சீவலைங்க." சீவாத தலைதான் வேண்டும். சொல்லவில்லை.

மே 19, திங்கள்
நேற்று மழை. சரியான அடி. குடையோடு கால்வாய் ஓரமே நின்றேன். தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழேயே ஓடிப் போய்விட்டது. எதிர்வீட்டு மரகதம்மா வாசலில் வந்து சண்டை: "தண்ணி வராதுன்னு முன்னாடியே சொல்றதில்லையா? சாமானெல்லாம் பரண்ல ஏத்திட்டு உக்காந்திருக்கேன்!"

உலர்ந்த தரையை அறை அறையாக வீடியோ எடுத்து அனுப்பினேன்.

பதில் இப்போதுதான். "அப்பா ரெண்டு தடவ பாத்தாருங்க. இன்னொரு மழையும் போவட்டும்ங்கறாரு."

எரிச்சல். ஆனால் மனுஷன் சொல்வது சரி. ஒரே மழையை வைத்து யாராவது ரிப்போர்ட் கொண்டுவந்தால் நானே மூஞ்சியில் எறிவேன்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடக்கிறது.
பெய்யேன், சனியனே.